பென்சில் கடித்துக் கேட்ட பாட்டு

இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா அக்கா? இல்லையென்றால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், இவன் காலை நீட்டிக்கொள்ளட்டும். மருந்து கொடுத்தாயிற்று. தூக்க மருந்துதான், அந்த ரோஸ் நிறத்தில் ஒன்று. டெஸ்ட் முடிகிற வரைக்கும் அசையாமல் தூங்க வேண்டுமாம். இவனுக்கு மருந்தே வேண்டியதில்லை, நான் சொன்னேன், நர்ஸ்தான் கேட்கவில்லை. படுக்கப் போட்டால் தூங்குகிற பிள்ளை. எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே மாவு மில். அது ஓடினாலும் சரி, வாசலில் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனாலும் சரி, இவன் பாட்டுக்குத் தூங்குவான். என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். "எம் பேரனாட்டம் சமத்து இந்தச் சேலத்துலயே இல்ல."

பெயர் எல்வின். அந்தோணி எல்வின். நான் எல்விஸ் என்றுதான் வைக்கச் சொன்னேன். ஃபாதர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு புனிதர் எனக்குத் தெரிஞ்சு இல்லையேம்மா." கடைசியில் ஒரு எழுத்தை மாற்றி, முன்னால் அந்தோணியாரைத் துணைக்கு நிறுத்தி, ஞானஸ்நானத்தை முடித்தோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. இந்த வராந்தாவில் வந்ததிலிருந்து ஒரு முகமும் சிரித்துப் பார்க்கவில்லை.

உங்கள் பெண்ணா? வெண்ணிலாவா, நல்ல பெயர். இரட்டை ஜடை அழகாக இருக்கிறது. காதுக்குப் பின்னால் அது... இல்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரவர்க்கு அவரவர் காரியம்.

நாங்கள் அப்படி ஒன்றும் பெரிதாக வரவில்லை அக்கா. ஒரு ஆளின் வாயை அடைக்க வந்திருக்கிறோம். டெஸ்ட் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். வேப்பமரத்தடியில், அவளுடைய ஸ்கூட்டர் மேல். மேலே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

டெல்பின் என்று பெயர். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். என் சிநேகிதி. சிநேகிதியாக இருந்தவள்.

நானும் அவளும் குந்தவி என்று இன்னொருத்தியும் ஏற்காட்டில் ஒரு கான்வென்டில் ஒரே ஹாஸ்டல். ஆறாம் வகுப்பிலிருந்து. குளிர் என்றால் அப்படிக் குளிர், ராத்திரி மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் போய் ஒட்டிக்கொள்வோம். பாட்டு என்றால் கோயில் பாட்டு, அதை விட்டால் கொடிப்பாட்டு. செல்போன் கிடையாது, டி.வி. கிடையாது. ஆனால் தையல் அறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இசைத்தட்டு போடுகிற பெட்டி. டோரீன் மிஸ் என்று ஒரு ஆங்கிலோ இந்திய டீச்சர் எங்கள் காலத்துக்கு முன்னாலேயே ஆஸ்திரேலியா போகும்போது விட்டுவிட்டுப் போனது. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டு. எல்லாம் ராக் அண்ட் ரோல் பிறந்த புதிதில் வந்தவை. எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட், சக் பெரி, பட்டி ஹாலி. எங்கள் வகுப்பில் மற்றவர்கள் சினிமா நடிகர் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள் என்றால், நாங்கள் மூன்று பேரும் எங்கள் தாத்தா வயது ஆட்களின் படத்தை ஒளித்து வைத்திருந்தோம்.

சத்தமாகப் போட்டால் சிஸ்டர் பெனடிக்டா வந்துவிடுவார். அதற்கு டெல்பின்தான் ஒரு வழி கற்றுக்கொடுத்தாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையைப் பெட்டியின் மரத்தில் அழுத்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அக்கா, பாட்டு மண்டைக்குள் கேட்கும்! வெளியில் ஒரு முணுமுணுப்புக்கூட இருக்காது. பெட்டியைச் சுற்றி மூன்று பெண்கள் பென்சில் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். யாராவது பார்த்தால் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பென்சில் இல்லாவிட்டால் கன்னத்தை வைத்துக் கேட்போம், இல்லையா பெட்டியின் விளிம்பையே கடித்துக் கேட்போம். எங்கள் மூன்று பேர் பென்சிலிலும் பல் பதிந்திருக்கும். "மத்தப் பிள்ளைங்க எல்லாம் சோறு சாப்பிடுது, இதுங்க மட்டும் பென்சிலைத் தின்னுதுங்க" என்று சிஸ்டர் முட்டி போட வைப்பார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று டெல்பினைக் கேட்டேன். எங்கள் அண்ணன் வீட்டில் ரேடியோவை அப்படித்தான் கேட்கும் என்றாள். சவரி அண்ணன்.

என் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியைத்தான் பரிசாகக் கொடுத்தாள். கான்வென்டில் பழைய சாமான் கழித்தபோது அவள் போய்ப் பேரம் பேசி வாங்கி, ஆள் பிடித்துச் சரி பண்ணி, ஒலிபெருக்கி ஒன்றையும் உள்ளேயே பொருத்தி, பரிசுக் காகிதம் சுற்றி மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் மாமியார் ஏதோ கிரைண்டர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

என்னவர் மஸ்கட்டில் இருக்கிறார். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் கிளம்பிவிட்டார். நான், மாமியார், அந்தப் பெட்டி. அப்போதுதான் எல்வின் வயிற்றில். நான் என்ன செய்வேன் தெரியுமா? பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிற்றை அதன் மேல் சாய்த்துக்கொள்வேன். நாம் கேட்பது அவனுக்கும் கேட்கட்டும் என்று. கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். தினமும்.

அதனால் ஒன்றும் ஆகாது இல்லையா அக்கா?

இல்லை, சும்மா கேட்டேன். நீங்கள் முன்பே வந்திருப்பீர்கள், டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பார் என்று. ஆகாது. ஆகாது என்றுதான் எனக்கும் தெரியும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு எத்தனை தோல், எத்தனை தண்ணீர். அந்த நர்ஸ்கூட அதைக் கேட்கவில்லை, பார்த்தீர்களா? அவர் கேட்டது வேறு. மாசமாக இருந்தபோது காய்ச்சல், உடம்பில் தடிப்பு ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை முகமெல்லாம், முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாக வந்தது. லேசாகக் காய்ச்சல். வேர்க்குரு என்று மாமியார் சந்தனம் அரைத்துப் பூசினார், போய்விட்டது. வேர்க்குருவை எல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

எங்கே விட்டேன்? ஆமாம், டெல்பின்.

நாங்கள் மூன்று பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்துவிடுவோம். பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள் டெல்பின். குந்தவி அவர்கள் வீட்டில் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "லைப்ரரிக்குப் போறேன் அத்தே" என்று சொல்லிவிட்டு வருவாள். எங்கேயாவது ஊர் சுற்றப் போவோம், இல்லையென்றால் போய் வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். உண்மையைச் சொன்னால் போவதைவிடப் பேசுவதுதான் அதிகம்.

இந்தத் தடவை ஒகேனக்கல் போனோம். ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு. எல்வினைத் தூக்கிக்கொண்டு முதல் வெளியூர்ப் பயணம். நீங்கள் போயிருப்பீர்கள். அருவிக்குப் பக்கத்தில் நின்றால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்குமா? காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். குந்தவி மீன் வறுக்கிற அம்மாளிடம் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு துண்டு என்று அர்த்தம். அந்த அம்மாள் இரண்டு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். இவள் வேண்டாம் என்று கையை ஆட்ட, அவர் இன்னும் வேண்டுமாக்கும் என்று நினைத்து மூன்றாவது தட்டை நீட்ட, டெல்பின் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் அவள் முதுகில் அடித்து...

எல்வின் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. எங்கள் கையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், தானும் கையை ஆட்டுவான். யாரோ முன்பின் தெரியாதவர்கள், எண்ணெய் தேய்க்கிறவர்கள், பரிசல்காரர்கள், எல்லோரிடமும் கையை ஆட்டிக் கதை பேசினான். அவனுக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி. திரும்பும்போது வேனில் நாங்கள் அமைதியாகக் கதை பேசிக்கொண்டு வந்தோம். அப்போதுதான் அழ ஆரம்பித்தான். ஊர் வந்து சேர்கிற வரைக்கும் ஓயவில்லை. பல் முளைக்கிறது என்றேன்.

டெல்பின் எதையாவது பார்த்தால் போனில் படம் எடுத்துத் தள்ளுகிறவள். அன்றைக்கு அருவியை ஒரு படம் எடுக்கவில்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. கண் படுகிற மாதிரி யாராவது பிள்ளையை அப்படிப் பார்ப்பார்களா?

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் கூடினோம். நான் பஜ்ஜி போட்டிருந்தேன். பெட்டியில் பாட்டு ஓடுகிறது. குந்தவி ஆரம்பித்தாள்.

"என்ன இருந்தாலும் எல்விஸ் எல்விஸ்தான்டி. அந்த இடுப்பு ஒண்ணு போதும்."

"இடுப்பு பாடுமாடி?" என்றாள் டெல்பின். "லிட்டில் ரிச்சர்டைக் கேளு. நின்னுக்கிட்டே பியானோவைப் போட்டு அந்த அடி அடிக்கிறாரே, பெனடிக்டா சிஸ்டர் மட்டும் பார்த்திருந்தா தீர்த்தம் தெளிச்சுப் பேய் ஓட்டியிருப்பாங்க."

"ஆமா, அவரே பாட்டை விட்டுட்டு நடுவுல பிரசங்கம் பண்ணப் போயிட்டாரு. உங்க ஆளுங்க எங்க போனாலும் கடைசில பிரசங்கத்துலதான் வந்து நிப்பாங்க."

"போடி, திரும்பி வந்துட்டாருல்ல!"

நான் எப்போதும் பட்டி ஹாலி கட்சி. சோடாபுட்டிக் கண்ணாடி, கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி முகம். இருபத்திரண்டு வயதில் விமானம் விழுந்து போய்விட்டார். அதைச் சொன்னால் போதும், டெல்பின் என் தலையில் குட்டுவாள். "இவளுக்கு எப்பவும் சோகம் வேணும். உயிரோட இருக்கிற யாரையாவது ரசிச்சுத் தொலையேன்டி!"

குந்தவிக்கு உற்சாகம் வந்துவிட்டால் சக் பெரி ஆகிவிடுவாள். விளக்குமாற்றைக் கிடார் மாதிரி பிடித்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, குந்தினபடியே கூடம் முழுக்க வாத்து நடை. அன்றைக்கும் நடந்தாள். என் மாமியார் சமையலறையிலிருந்து டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா தேடுறே? தோடு விழுந்திருச்சா?"

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது பாருங்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அக்கா. அந்த நிமிஷம் வரைக்கும்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது எல்வின் தவழ்ந்து பெட்டிப் பக்கம் போனான். அவனுக்கு அதுதான் இடம். விடிந்தால் எழுந்து அங்கேதான் போவான். பெட்டியைப் பிடித்து எழுந்து நின்றான். கன்னத்தை அதன் மேல் வைத்தான். அப்புறம் வாயைத் திறந்து, முளைத்திருக்கிற இரண்டே இரண்டு பல்லையும் விளிம்பில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டான். தாளத்துக்கு உடம்பு ஆடுகிறது! சரியாக ஆடுகிறது!

"அய்யோ, ஹாஸ்டல் பழக்கம்டி!" என்று குந்தவி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "பென்சில் பார்ட்டிக்கு வாரிசு வந்தாச்சு!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவனுக்கு? ரத்தத்தில் வந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே கேட்டவன் இல்லையா? டெல்பினைப் பார்த்தேன். அவள்தானே முதலில் கற்றுக்கொடுத்தவள், அவள்தான் அதிகமாகக் குதிப்பாள் என்று.

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

எழுந்து போய் ஊசியைத் தூக்கினாள். பாட்டு நின்றது. எல்வின் வீல் என்று கத்தினான். "பாத்தியா? பாட்டு நின்னா அவனுக்குத் தெரியுதுடி" என்று நான் சொன்னேன்.  அவள் இவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்து நடுவில் பாயில் உட்கார வைத்தாள். மறுபடியும் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினாள். குந்தவி காதைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் கம்பி அதிர்கிறது. எல்வின் பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தான். எந்தக் குழந்தைதான் ஃபேனைப் பார்க்காது, சொல்லுங்கள்?

பாட்டை நிறுத்தினாள். சமையலறைக்குப் போய் இட்லிப் பானை மூடியையும் குண்டான் மூடியையும் எடுத்து வந்தாள். இவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டையும் சேர்த்து ஓங்கி ஒரு அடி.

மாமியார் கையில் இருந்த டீ கொட்டிவிட்டது. மாவு மில்லில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

இவன் திரும்பவில்லை என்கிறாள் அவள். திரும்பினான் அக்கா. நான் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பினான். அவள் நிழல் விழுந்ததால் திரும்பினான், மூடி அடித்த காற்று கழுத்தில் பட்டதால் திரும்பினான் என்று காரணம் சொல்கிறாள். எதனால் திரும்பினால் என்ன? திரும்பியது திரும்பியதுதானே?

"வினோ, இவனை டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நாளைக்கே போலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"தெரியுது உனக்கு."

"அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேச ஆரம்பிச்சான்" என்று மாமியார் நடுவில் வந்தார்.

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்க" என்றாள் டெல்பின். "பேசிருவான், பேசிருவான்னு. ஏழு வயசு வரைக்கும்."

சவரி அண்ணனைத்தான் சொல்கிறாள். அவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிறார். நல்ல மனுஷர், ஒரு தடவை என்னைப் பார்த்து, என் கல்யாணப் புடவையைக் கையாலேயே வரைந்து காட்டி, அழகாக இருந்தது என்று விரலைக் குவித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்தால் ரேடியோ மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஆனால் அவர் வேறு, என் பிள்ளை வேறு இல்லையா? எல்வினுக்கு என்ன குறை? என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். வீடியோ காலில் அவன் அப்பாவைப் பார்த்துத் திரையை நக்குகிறான்.  நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சொல்லியிருப்பார்கள்.

"எல்லாப் பிள்ளையும் உங்க அண்ணனாட்டம் ஊமையாப் போகணும்னு உனக்கு ஆசைடி" என்றேன். "உம் பெட்டியையும் தூக்கிட்டுப் போ."

குந்தவி, "ஏய்!" என்றாள்.

 டெல்பின் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டு மூடியையும் கொண்டுபோய் சமையலறையில் இருந்த இடத்தில் வைத்தாள். ஒரு துணியை எடுத்து வந்து மாமியார் கொட்டிய டீயைத் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. குந்தவி ஒரு தடவை போன் செய்து, "நீயே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிடேன்டி" என்றாள். பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பெட்டி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். பாட்டே வேண்டாம் என்று. எல்வினுக்கு அது புரியவில்லை. போர்வையை இழுத்துப் போட்டுவிட்டுக் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றும் ஓடாத பெட்டி மேல். என்னைத் திரும்பிப் பார்க்கிறான், மறுபடியும் கன்னத்தை வைக்கிறான். காத்துக்கொண்டே இருக்கிறான் அக்கா.

தூக்கட்டுமா உங்கள் பையை? கீழே விழுந்துவிடும் போலிருக்கிறது. வெண்ணிலா, பிஸ்கட் சாப்பிடுகிறாயா? அட, 'தேங்க்ஸ்' சொல்கிறாளே. தெளிவாகச் சொல்கிறாள்.

இன்றைக்குக் காலையில் மாமியார் பூசைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் டெல்பின் வந்து வாசலில் நின்றாள். ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் அவளே பெயர் பதிந்து வைத்திருக்கிறாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். "ஏறு" என்றாள். அவ்வளவுதான். நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பார்களா? வெட்கமில்லாதவள். நானும் ஏறிவிட்டேன். அவள் வாயை அடைக்கத்தான் ஏறினேன். சொன்னேனே.

 வரும் வழியில் எங்கேயோ ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. அவள் இடது கையைப் பின்னால் நீட்டி எல்வினின் காலைப் பிடித்துக்கொண்டாள். இங்கே வந்து சேர்கிற வரைக்கும் விடவில்லை. ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுகிறாள், பைத்தியக்காரி.

நான் ஒன்று சொல்லட்டுமா? யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களை இனிமேல் எங்கே பார்க்கப்போகிறேன்.

நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். சும்மாதான். சந்தேகமெல்லாம் இல்லை. இவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்றுகொண்டு, எல்வின் என்பேன். தங்கம் என்பேன். எல்லுக்குட்டி, சாமி, அம்மா பாரு, இங்க பாரு. மாமியார் குளிக்கும்போதுதான் செய்வேன், அவருக்குக் கேட்டுவிடக் கூடாது இல்லையா. கிண்ணத்தில் ஸ்பூனால் தட்டுவேன். அவனுக்கு விளையாட்டு மும்முரம். பிள்ளைகள் அப்படித்தான், ஒன்றில் மனம் போய்விட்டால் உலகமே தெரியாது. நேற்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் நான் அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்ததும், தரை அதிர்ந்ததோ என்னவோ, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கையை ஆட்டினான். ஒகேனக்கலில் ஆட்டின மாதிரியே.

பாருங்கள், எவ்வளவு அழகாகத் தூங்குகிறான். இங்கே எல்லாப் பிள்ளைகளும்...

அம்மாடி!

என்ன சத்தம் அது? அந்த ஆயாம்மாவா? தட்டோடு எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டார். கத்தரி, கிண்ணம், எல்லாம் உருண்டு ஓடுகிறது. என் நெஞ்சு எப்படி அடிக்கிறது பாருங்கள். உங்களுக்கும் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அந்தப் பக்கம் நீலப் புடவைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எத்தனை அம்மாக்கள் இருக்கிறோம் இந்த வரிசையில், எல்லோருமே துள்ளிவிட்டோம்.

ஒரு குழந்தையும் எழவில்லை.

மருந்து. மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடைசியில் இருக்கிற குழந்தைக்கு இன்னும் மருந்து கொடுக்கவில்லை, விழித்துக்கொண்டு விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் திரும்பவில்லை.

வெண்ணிலா திரும்பினாள். இல்லையா அக்கா? நான் பார்த்தேன். பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பி, தட்டு விழுந்த இடத்தைப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தை.

அக்கா, அவள் காதில் வைத்திருக்கிற அந்த மெஷின். அதை எந்த வயதில் வைத்தார்கள்? சீக்கிரமே கூட்டிவந்துவிட்டீர்களா? எவ்வளவு சீக்கிரம்?

...

எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தோணி எல்வின். கேட்கிறது, நர்ஸ், வருகிறேன். இதோ வந்துவிட்டேன்.

அந்தத் தடிப்பைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. வேர்க்குருவாகவே இருந்தாலும் இருக்கட்டும், சொல்லிவிடுகிறேன். பாட்டு வைத்ததையும் சொல்ல வேண்டுமா?

 உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் ஒரே ஒரு உதவி. கீழே படி இறங்கினதும் இடது கைப் பக்கம் வேப்பமரம். அதற்கு அடியில் சாம்பல் நிற ஸ்கூட்டர். அவளை மேலே வரச்சொல்லுங்கள். வினோ வரச்சொன்னாள் என்று சொல்லுங்கள்.

முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள், வீம்பு. நீங்கள் கிட்டேகூடப் போக வேண்டாம். படியில் நின்றபடியே, டெல்பின் என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். போதும். உடனே திரும்பிவிடுவாள்.